ஸ்டோரில் காய்ந்த பாட்டுப் பெட்டி

போடியில் இப்போது தடுக்கி விழுந்தால் ஒரு செல்போன் சர்வீஸ் கடை மேல்தான் விழ வேண்டும். எந்தக் கடைக்குப் போனாலும் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ட்வீசரோடு, ஆபரேஷன் டாக்டர் கணக்காக ஒருவர் உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தவர் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் செட்டைத் திறந்துவிடுகிறீர்கள். அதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அது நான் கண்டுபிடித்த வியாதி.

ரேடியோ, டேப் ரெக்கார்டர், டி.வி.டி., செல்போன் என்று முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தகரக் கூரைக்கு அடியில் வெந்தவன் நான். கை நடுங்க ஆரம்பித்ததும் கடையை விட்டுவிட்டேன். இப்போது என் சோலி, உங்கள் கடைகளில் ஓசி டீ குடித்துக்கொண்டு உங்களைக் குறை சொல்வது. போன வாரம் நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, "அண்ணே, ஒங்க அனுபவத்துல எங்களுக்கு ஏதாச்சும் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். மரியாதைக்குக் கேட்டீர்கள் என்று தெரியும். நான் நிஜமாகவே சொல்லப் போகிறேன், அனுபவியுங்கள்.

சால்டரிங் எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் சொல்லமாட்டேன். அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. நான் எப்படி ஒரு நாள் வடிகட்டின மடையனாக இருந்தேன் என்று சொல்கிறேன். அதற்கு வீடியோ கிடையாது.

எல்லார் கையிலும் டச் போன் வந்துவிட்ட பிறகு நடந்தது இது. நல்ல வெயில் நாள், மத்தியானம். செல்வம் என்று ஒரு ஜீப்பு டிரைவர் கடைக்கு வந்தான். தேவாரம் ஊர்க்காரன். தினமும் போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மேலே போவான். கூடவே தங்கச்சி ஜெயா. அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. செல்வம் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பாட்டுப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான்.

சீட்டுக்கட்டு அளவு. முன்னால் ஒரு வட்டப் பட்டன். உள்ளே சின்னதாக ஒரு ஹார்ட் டிஸ்க்கு, கம்ப்யூட்டரில் இருப்பது போலவே சுற்றும் தட்டு. உங்களில் பாதிப் பேர் அந்த மாதிரி ஒன்றைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். தோட்டத்து முதலாளி மகன் வேண்டாம் என்று போட்டதை இவன் கேட்டு வாங்கியிருந்தான்.

"என்னப்பா செய்யிது?"

"டொக்கு டொக்குங்குதுண்ணே. அம்புட்டுத்தான். ஓட மாட்டேங்குது."

பெட்டியை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கமகமவென்று ஏலக்காய் வாசம். இயர்போன் ஓட்டைக்குள் ஏதோ அடைத்திருந்தது. ஊசியால் நெம்பினால் ஒரு ஏலக்காய்த் தோல் வந்தது.

"என்னடா இது, பாயசத்துல போட்டியா?"

செல்வம் தலையைச் சொறிந்தான். மலையில் ஜீப்பு நிற்கும்போது சாரல் அடித்துப் பெட்டி நனைந்துவிட்டதாம். ஈரம் போகட்டும் என்று தோட்டத்து ஸ்டோரில் வைத்துவிட்டானாம். ஸ்டோர் என்றால் தெரியும்தானே, பறித்த பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, விறகு எரித்து அந்தச் சூட்டில் காய வைக்கும் அறை. மலையில் எது நனைந்தாலும் அங்கேதான் போகும். சட்டை, செருப்பு, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை. அந்தப் பழக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கையும் ஏலக்காய்த் தட்டில் வைத்து ஒரு முழு நாள் வாட்டி எடுத்திருக்கிறான் புண்ணியவான்.

கடைக்குள் ஒரே சிரிப்பு. தினமும் என் கடையில் ஓசிப் பேப்பர் படிக்க வரும் ஏலக்காய்க் கமிஷன் கடைக் கணக்கர் ஒருவர் உண்டு. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நிறம் மாறாம காஞ்சிருக்கா பாருப்பா, நல்ல கிரேடு வெல கெடைக்கும்" என்றார். இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் கூடினால் எனக்குக் கை நிற்காது. இதுதான் என் ஜாதகம்.

பவர் கொடுத்தேன். டொக்கு, டொக்கு, டொக்கு. அணைத்தேன். "கேட்டீங்களா? இது உள்ள தட்டப் படிக்கிற ஹெட்டு அடிக்கிற சத்தம்" என்று பாடம் நடத்தினேன். கணக்கர், "எங்கப்பா, எனக்கு வெளங்கலியே" என்றார். அவர் காதில் வைத்து மறுபடி போட்டேன். மூடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை போட்டேன். பேட்டரி லேசாக உப்பியிருந்தது. அதைப் பிரித்துவிட்டு வெளிக் கரண்டில் போட்டேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்தார், அவருக்காகவும் ஒரு தடவை, எட்டிப் பார்த்த இரண்டு பேருக்காக ஆளுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை தட்டாத குறை. நான் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தேன், தம்பிகளா. வைத்தியம் பார்க்கவில்லை.

இத்தனையும் ஆன பிறகு ஜெயா பக்கம் திரும்பி, பெரிய மனசு பண்ணிச் சொன்னேன். "டிஸ்க்கு போயிருச்சு ஆத்தா. கவலப்படாத, வேற டிஸ்க்கு மாத்தி, இதவிட நல்ல பாட்டா ஏத்தித் தர்றேன்."

அவள் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதுதான் பேசினாள்.

"அதுல பாட்டு இல்லண்ணே."

"பெறகு?"

"பாடம்."

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாளாம். பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள். கண் தெரியாத பிள்ளைக்குப் புத்தகத்தை யார் வாசிப்பது? செல்வம் வாசித்திருக்கிறான். மேலே ஜீப்பை நிறுத்திவிட்டு லோடுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம், ஸ்டியரிங் மேல் புத்தகத்தை விரித்துவைத்து, பட்டன் போனில் பேசிப் பதிவு செய்திருக்கிறான். மூன்று வருஷமாக. கார்டு நிறைந்ததும் பிரௌசிங் சென்டரில் கொடுத்து இந்தப் பெட்டியில் ஏற்றிவிட்டு, கார்டைச் சுத்தமாக அழித்துவிட்டு அடுத்த பாடம் வாசிப்பான். டச் போன் அவளுக்குத் தோதுப்படவில்லை. இந்த வட்டப் பட்டன் விரலுக்கே வழி சொல்லும்.

"வேற எங்கயாச்சும் காப்பி இருக்கா?" என்று கேட்டேன்.

"காப்பின்னா?" என்றான் செல்வம்.

கணக்கர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். கூட்டம் எப்படித்தான் கலைந்ததோ, ஒரு ஆள் இல்லை. பாராட்ட வருகிறவன் பழிக்கு நிற்கமாட்டான், அதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் தொழில் படித்தது மதுரையில் ஒருவரிடம். பெயர் சொன்னால் இந்தக் கதையில் வந்ததற்கே அவர் கோபித்துக்கொள்வார். ஸ்குரூ டிரைவரைத் தொட்டால் அந்தப் பிடியாலேயே விரல் மொளியில் போடுவார். "மொதல்ல கைய மடியில வச்சு ஒக்காரப் பழகுடா" என்பார். ஆறு மாசம் அடி வாங்கிப் பழகினேன். கூட்டம் கூடிய பத்து நிமிஷத்தில் அத்தனையும் மறந்துபோயிற்று.

சரி, இனி என்ன செய்வது? செல்வம் ஒரு யோசனை சொன்னான். யாரோ சொன்னார்களாம், டிஸ்க்கைப் பிரிட்ஜில் வைத்தால் உயிர் வருமாம். ஐஸ்கிரீம் கடைக்காரன் தெரிந்தவன்தானாம், பிரீசரில் ஒரு மூலை தருவானாம். எனக்கும் அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. சரி என்று தலையாட்டப் போனேன்.

"ஏண்ணே," என்றாள் ஜெயா செல்வத்திடம், "தண்ணி பட்டுச்சுன்னுதான அத ஸ்டோர்ல போட்டு வதக்குனே? இப்ப மறுபடி ஈரத்துலயே கொண்டுபோயிப் போடுறேங்கிற. ஒன்னைய நம்பி ஜீப்புல ஏறுறாங்களே, அவங்களச் சொல்லணும்."

எனக்கும் சேர்த்துத்தான் அது.

அப்புறம் அவள் என்னிடம் சொன்னாள். "அண்ணே, அது முழுசாச் சாகல. விடியக்காலைல எந்திரிச்சதும் போட்டா பத்து நிமிசம் ஒழுங்கா ஓடும். வெக்கை ஏற ஏறத்தான் டொக்குங்கும். அடிக்கிறதுக்கு முன்னாடி சுத்துற சத்தம் லேசாக் கம்மும். அப்பவே நிறுத்திட்டா மறுநாளும் ஓடும். நாலு நாளா அப்பிடித்தான் படிச்சேன்."

முப்பது வருஷம் தொழில் பார்த்தவன் மேசைக்கு இந்தப் பக்கம். வந்ததும் கேட்டிருக்க வேண்டிய விஷயம் அந்தப் பக்கம், பெஞ்சில், சும்மா உட்கார்ந்திருந்தது. நான் கேட்கவே இல்லை. சூடு ஏறினால் நிற்கிறது, குளிர்ந்தால் ஓடுகிறது. போடியில் தகரக் கூரைக்கு அடியில் வைத்துக்கொண்டு அதைக் குளிர வைப்பது யாரால் ஆகும்?

"காலைல மொத டிரிப்பு எத்தனை மணிக்குடா?" என்று செல்வத்தைக் கேட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவன் ஜீப்பில், மலை மேல் குளிர் குறையாத போடிமெட்டுக்குக் கிளம்பினோம். ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். எண்ணினால் போலீஸ்காரருக்கே பாவமாக இருக்கும். வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்து ஜெயாவுக்கு ஜன்னல் பக்கம் கொடுத்தார்கள். பெட்டி, துண்டில் சுற்றி அவள் மடியில். நான் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மூஞ்சியில் யாருடைய கூடையாவது இடித்தது. இடிக்கட்டும், தகும் என்று நினைத்துக்கொண்டேன்.

செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் பாதித் தமிழ், பாதி மலையாளம். "கரண்டு உண்டு சேட்டா. எப்பப் போகும்னு எனக்கு அறியாது" என்று ஒரு பிளக்கைக் காட்டினார். கடன் வாங்கி வந்த லேப்டாப்பை விரித்தேன். வெளியே மூடுபனி. குளிரில் பல் கிட்டியது. பெட்டியை உடனே ஓட்டவில்லை. ஈரம் அண்டாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அரை மணி நேரம் அதைக் குளிருக்குப் பழக விட்டேன். அந்த அரை மணி நேரமும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதுரைக்காரர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பவர் கொடுத்தேன். டொக்கு இல்லை. சீரான சுழற்சி. லேப்டாப்பில் போல்டர்கள் வந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் செய்வதையேதான். மொத்தமாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அப்படியே காப்பி கொடுக்கப் போனேன்.

"எல்லாத்தையும் அள்ளுறீங்களாண்ணே?" என்றாள் ஜெயா.

"ஆமா ஆத்தா. முழுசா எடுத்துருவோம்."

"முழுசா எடுக்குறதுக்குள்ள நின்னுட்டா? வரலாறு வேணாம், அது எனக்கு மனப்பாடம். தமிழ் எலக்கணம் மொதல்ல எடுங்க. அடுத்து கொழந்தை உளவியல். பெறகு புவியியல். அதுக்கு மேல ஓடுனா அதிர்ஷ்டம்."

அவள் சொன்ன வரிசைப்படி போனேன். இலக்கணம் முழுதும் வந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்றை ஓட்டினேன். டீக்கடை முழுக்கச் செல்வத்தின் குரல். "வினையெச்சம் என்பது... யேய் மூடையத் தூக்கி மேல போடுறா, நசுங்கிறப் போவுது... வினையெச்சம் என்பது வினைமுற்றைக் கொண்டு முடியும்... எக்கா, அந்தப் பக்கம் தள்ளி ஒக்காரு." பின்னால் ஒரு ஹாரன். கடையே சிரித்தது. செல்வம் வெளியே போய் டயரைப் பார்ப்பது போல் நின்றுகொண்டான். ஜெயா சிரிக்கவில்லை. அடுத்த வரியை அவனுக்கு முன்னால் உதடு அசைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்து உளவியல். முதல் பைலிலேயே மாட்டிக்கொண்டது. நகரவில்லை. கடைசியாக ஏற்றிய பாடம் அது, டிஸ்க்கில் அடி பட்ட இடமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விடமாட்டேன் என்று மறுபடி அமுக்கப் போனேன்.

"சத்தம் கம்முது, நிறுத்துங்க!" என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் நிறுத்தினேன். துண்டில் சுற்றாமல் அப்படியே குளிரில் வைத்தோம்.

"அத விட்டுருங்கண்ணே. அதுலயே நின்னா புவியியலும் போயிரும்."

"உளவியல்தான ஆத்தா ரொம்ப முக்கியம்?"

"முக்கியந்தான். இருக்கிறதயும் சேத்துத் தொலைக்கவா?"

அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. கைகள் மட்டும் ஆடாமல் மடியில் இருந்தன. நான் பார்த்ததிலேயே நல்ல மெக்கானிக் அவள்தான், ஸ்குரூ டிரைவர் பிடித்ததே இல்லை என்பது வேறு விஷயம். சொன்னபடி தாண்டிப் போனோம். ஓட்டுவது, அவள் கை தூக்கினால் நிறுத்துவது, குளிர வைப்பது, மறுபடி ஓட்டுவது. புவியியல் வந்தது. ஆங்கிலம் வந்தது. அவள் வேண்டாம் என்ற வரலாறுகூட வந்தது. எல்லாம் முடிந்தபின் உளவியலுக்குத் திரும்பினோம். இரண்டு பைல் வந்தது. மூன்றாவதில் டொக்கு என்று ஒரே சத்தம். அதோடு சுற்றுவதே நின்றுவிட்டது. பிறகு எந்தக் குளிருக்கும் அது எழுந்திருக்கவில்லை.

டீ ஆறிப்போய் முன்னால் இருந்தது. நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். ஸ்டோர் சூடு, மலைச் சாரல், பழைய டிஸ்க்கு, விதி என்று பட்டியல் போட்டேன். ஜெயா குறுக்கே கேட்டாள்.

"அண்ணே, நேத்து கடையில எத்தன தடவ போட்டுப் பாத்தீங்க?"

"ரெண்டு... மூணு தடவ இருக்கும் ஆத்தா."

"ஏழுண்ணே. எண்ணிக்கிட்டேதான் ஒக்காந்திருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்பவே நிறுத்தச் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடிண்ணே சொல்றது? மெக்கானிக்கு, தெரிஞ்சுதான் செய்றாருன்னு நெனச்சேன்."

தம்பிகளா, என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். டி.வி.யைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தவன்கூட உண்டு. எதுவும் இந்த அளவுக்கு வலித்ததில்லை. போடும் ஒவ்வொரு தடவையும் அடிபட்ட டிஸ்க்கின் ஆயுசில் கொஞ்சம் போகும், அந்த ஏழில் ஒன்று நோய் பார்க்க. மிச்சம் ஆறும் கணக்கருக்காகவும் ஜெராக்ஸ் கடைக்காரருக்காகவும் என் மண்டைக் கர்வத்துக்காகவும். அந்த ஆறு தடவையைச் சேர்த்து வைத்திருந்தால் உளவியல் வந்திருக்கும். வந்திருக்காது என்று யாராவது என்னிடம் வாதாட வராதீர்கள், நானே எனக்குள் பலமுறை வாதாடித் தோற்றுவிட்டேன்.

கீழே இறங்கியதும் நேராகப் புத்தகக் கடைக்குப் போய் உளவியல் புத்தகத்தை வாங்கினேன். மிச்சம் இருந்த நாட்களில் கடையில் உட்கார்ந்தபடியே வாசித்துப் பதிவு செய்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவனுக்கு அந்தப் புத்தகம் ஒரு தண்டனை. நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ., என்று ஒரு வார்த்தை வரும், அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இருக்கிற ஈவும் போய்விட்டது. தினமும் சாயந்திரம் செல்வம் வந்து வாங்கிப் போவான். இந்தத் தடவை கார்டில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. அவனே கேட்டு வாங்கினான், காப்பி என்றால் என்ன என்று கேட்டவன்.

ரிசல்ட் வந்ததும் ஜெயா போன் செய்தாள்.

"பாஸாயிட்டேண்ணே!"

நான் கடைக்குள்ளேயே கத்திவிட்டேன். கணக்கர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டார்.

"உளவியல் எப்பிடி ஆத்தா?"

"அதுலதாண்ணே கம்மி. ஒங்க வாசிப்பு எங்கண்ணன விட மோசம். நடுவுல நடுவுல யாருக்கோ சார்ஜர் வெல சொல்றீங்க, அது பூராம் மனப்பாடமாயிருச்சு. பரீட்சையில அத ஒரு பய கேக்கல."

இப்போது அவள் ராசிங்காபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் கடையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு நாள் வந்தாள். திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் போன் ஒன்று வாங்கிப் பழகியிருந்தாள். அது ஆன் ஆக மாட்டேன் என்கிறது என்று மேசையில் வைத்தாள். கடையில் வழக்கம்போல் நாலு பேர் இருந்தார்கள். நான் போனைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"உள்ள என்ன ஆத்தா இருக்கு?"

அவள் சிரித்துவிட்டாள்.

"எல்லாத்தயும் மூணு எடத்துல வச்சிருக்கேண்ணே. நீங்க ஒங்க இஷ்டத்துக்கு எத்தன தடவ வேணாலும் போட்டுப் பாருங்க."